மருத்துவ ஆய்வில் சேரலாமா? நான்கு வழிகளும் அவற்றின் மறைவான விலையும்

மருத்துவ ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாசகர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு விதம். உடம்பு நன்றாக இருப்பவர்கள், “பணமும் கொடுக்கிறார்கள், நல்ல காரியமாகவும் இருக்கிறது, போகலாமா?” என்கிறார்கள். நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் கேட்பது இதைவிடக் கனமானது: “டாக்டர் ஒரு புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார். மறுத்தால் குணமாகும் வாய்ப்பை இழந்துவிடுவோமோ? ஒப்புக்கொண்டால் எங்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பார்களோ?”

இரண்டு பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது. முதன்முதலாக மனித உடலுக்குள் போகும் மருந்தைச் சோதிப்பதும், பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் இரண்டு மாத்திரைகளில் எது மேல் என்று பார்ப்பதும், கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு பத்தாண்டுகள் உங்கள் உடல்நலத்தைக் குறித்துவைப்பதும் மருத்துவ ஆய்வு என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. அதனால் உங்கள் முன் உள்ள நான்கு வழிகளைத் தனித்தனியே எடைபோடலாம்: ஆரோக்கியமானவராக முதல் கட்ட ஆய்வில் சேர்வது, நோயாளியாகக் குலுக்கல் முறை ஆய்வில் (யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முடிவுசெய்யும் ஆய்வில்) சேர்வது, கண்காணிப்பு ஆய்வில் சேர்வது, எதிலும் சேராமல் வழக்கமான சிகிச்சையிலேயே இருப்பது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சை உங்களுக்காக நடக்கிறது. ஆய்வு ஒரு கேள்விக்காக நடக்கிறது. சிகிச்சையில் டாக்டர் உங்கள் நிலையைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார், மாற்றுவார். ஆய்வில் யாருக்கு எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கும். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பலர் இந்த வேறுபாட்டை உணர்வதில்லை என்று மனநல மருத்துவர் பால் அப்பல்பாமும் அவருடைய சகாக்களும் 1982-இல் எடுத்துக்காட்டினார்கள். தங்களுக்கு எது நல்லதோ அதைப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று பங்கேற்பாளர்கள் நம்பியிருந்தார்கள். உண்மையில் தேர்வு செய்தது குலுக்கல்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம்.

- பயன் யாருக்கு? உங்களுக்கா, பின்னால் வரப்போகும் நோயாளிகளுக்கா?
- ஆபத்து எவ்வளவு தெரிந்தது? ஆபத்து சிறியதா பெரியதா என்பது ஒரு கேள்வி. அது ஏற்கெனவே அறியப்பட்டதா என்பது வேறு கேள்வி. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.
- உடலும் நேரமும் எவ்வளவு போகும்?
- பாதியில் வெளியே வருவது எளிதா?
- பிற்காலத்தில் எந்த வாய்ப்பை அடைக்கும்? அதிகம் பேசப்படாத கேள்வி இதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்கு வேண்டாத பிரிவில் போய் விழுந்தால் அதை ஏற்றுக்கொள்ள முடியுமா? புது மருந்து கிடைக்கும் என்ற ஆசையில் சேர்ந்து, மருந்தே இல்லாத போலி மாத்திரையோ பழைய மருந்தோ கிடைத்தால் மனம் தாங்குமா? அல்லது புது மருந்தே கிடைத்து, அது பழையதைவிட மோசம் என்று பிறகு தெரியவந்தால்? இரண்டுக்கும் அமைதியாக “சரி” என்று சொல்ல முடிந்தவர்தான் கையெழுத்துப் போடத் தயாரானவர்.

| | முதல் கட்டம் | குலுக்கல் முறை ஆய்வு | கண்காணிப்பு ஆய்வு | சேராமல் இருப்பது |
|---|---|---|---|---|
| நேரடிப் பயன் | இல்லை. நேரத்துக்குப் பணம் | கிடைக்கலாம், உறுதியில்லை | பெரும்பாலும் இல்லை | வழக்கமான சிகிச்சை தரும் அளவு |
| ஆபத்து | தீவிரமானது அரிது. ஆனால் முன்கூட்டி அறிய முடியாதது | ஓரளவு அறியப்பட்டது | உடலுக்கு மிகக் குறைவு. தனியுரிமைக்கு உண்டு | நோயுடையதும் இப்போதைய மருந்துடையதும் |
| நேரம் | சில நாள் முதல் சில வாரம், அங்கேயே தங்கி | மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் | சில மணி நேரம். பிறகு நீண்டகாலத் தொடர்பு | வழக்கமான மருத்துவமனை வருகை |
| வெளியேறுவது | எளிது. பணம் குறையலாம் | எளிது. மருந்தை முறையாக நிறுத்த வேண்டும் | எளிது. பயன்படுத்தப்பட்ட தகவல் திரும்பாது | பிறகு சேர மனம் வந்தாலும் தகுதி போயிருக்கலாம் |
| மறைவான விலை | இடைவெளிக் கட்டுப்பாடு, வேலை நாள் இழப்பு | கூடுதல் பரிசோதனை, துணைக்கு வருபவரின் நேரம், அடுத்த ஆய்வுக்கான தகுதி | குடும்பத்தின் மரபணுத் தகவலும் சேர்ந்தே போவது | நெருக்கமான கண்காணிப்பு கிடைக்காமல் போவது |

## முதல் கட்ட ஆய்வு: ஆரோக்கியமானவர்களுக்கு

ஆய்வகத்திலும் விலங்குகளிலும் சோதித்த மருந்து மனிதருக்குள் முதலில் போவது இங்கேதான். பொதுவாக 20 முதல் 100 பேர் வரை சேர்ப்பார்கள். மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா என்று இந்தக் கட்டம் கேட்பதில்லை. எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும், எத்தனை மணி நேரம் ரத்தத்தில் நிற்கும் என்பவைதான் இதன் கேள்விகள். இந்தக் கட்டத்துக்குள் நுழையும் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் கடைசியில் ஒப்புதல் பெறுகிறது. ஆகவே உங்கள் உடலுக்குப் பயன் எதுவும் இல்லை. கிடைக்கும் பணம் நீங்கள் கொடுக்கும் நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடு. (புற்றுநோய் மருந்துகள் பலவற்றின் முதல் கட்டம் நோயாளிகளிடமே நடக்கிறது. ஆரோக்கியமானவருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சுத்தன்மை அவற்றில் இருப்பதே காரணம்.)

பெரும்பாலான முதல் கட்ட ஆய்வுகள் தலைவலி, குமட்டல் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. ஆனால் 2006 மார்ச்சில் லண்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் சேரக்கூடாது. டிஜிஎன்1412 என்ற மருந்தின் ஆய்வில் எட்டு இளைஞர்கள் இருந்தார்கள். இருவருக்குப் போலி ஊசி, ஆறு பேருக்கு மருந்து. சில நிமிட இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராகச் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் கட்டுக்கடங்காமல் பொங்கி, உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார். விலங்குகளில் இந்த விளைவு தென்படவே இல்லை. 2016-இல் பிரான்சின் ரென் நகரில் நடந்த இன்னொரு முதல் கட்ட ஆய்வில் ஒருவர் இறந்தார்.

இதற்குப் பிறகு விதிகள் இறுகின. முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, போதிய நேரம் காத்திருந்து பார்த்துவிட்டே அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கமாயிற்று. உங்களிடம் நீட்டப்படும் திட்டத்தில் இந்த ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள்.

மறைவான செலவில் முதலாவது, காத்திருப்பு. ஓர் ஆய்வு முடிந்து அடுத்ததில் சேர சுமார் மூன்று மாத இடைவெளி பல இடங்களில் கட்டாயம். பழைய மருந்து உடலை விட்டு நீங்குவதற்கான அவகாசம் அது. இதையே வருமானமாக நம்புகிறவர்கள் இடைவெளியை மறைக்கவும், தங்களுக்கு இருந்த நோயைச் சொல்லாமல் விடவும் ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். முதல் ஆபத்து உங்கள் உடலுக்கு. அடுத்து, தவறான அளவை நம்பி அந்த மருந்தை உட்கொள்ளப்போகும் நோயாளிக்கு.

தடுப்பூசி ஆய்வுகளில் வேறொரு சிக்கல் உண்டு. எச்ஐவி தடுப்பூசி ஆய்வில் பங்கேற்றவர்களுக்குத் தொற்று இல்லாமலேயே, பின்னாளில் வழக்கமான எச்ஐவி பரிசோதனையில் ‘தொற்று உண்டு’ என்று வரலாம். தடுப்பூசி உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பரிசோதனை தொற்றாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். வேலை, காப்பீடு, ரத்ததானம் எல்லாவற்றிலும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சரியான பரிசோதனையும் சான்றும் ஆய்வுக்குழு தருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு ஏற்றது: உண்மையிலேயே ஆரோக்கியமாக, சில வாரங்களை ஒதுக்க முடிந்தவராக, அந்தப் பணம் இல்லாவிட்டாலும் மாதத்தை ஓட்டக்கூடியவராக இருப்பவருக்கு. கடன் நெருக்கும்போது இந்த முடிவை எடுக்காதீர்கள். படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கும் எச்சரிக்கை அப்போது கண்ணில் படாது.

## குலுக்கல் முறை ஆய்வு: நோயாளிகளுக்கு

இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் பெரும்பாலும் இவை. இரண்டாம் கட்டத்தில் சில நூறு பேர் வரை, மூன்றாம் கட்டத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். உங்களுக்குப் புதியதா பழையதா என்பதை கணினியின் குலுக்கல் தீர்மானிக்கும். பல ஆய்வுகளில் உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

நோயாளிகளை அதிகம் வதைக்கும் கேள்வி இங்கேதான் வருகிறது: “புது மருந்து கிடைக்காமல் போய்விட்டால்?” இந்தக் கேள்விக்குள், புதியது நிச்சயம் மேலானது என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. வரலாறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1948-இல் வெளியான காசநோய் ஆய்வைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அங்கே புதிய மருந்து கிடைக்காதவர்கள் இழந்தார்கள். இதற்கு நேர் எதிர், மாரடைப்புக்குப் பின் வரும் இதயத்துடிப்புக் கோளாறுக்கான மருந்துகள் பற்றிய காஸ்ட் ஆய்வு. என்கெய்னைடும் ஃப்ளெகெய்னைடும் துடிப்பைச் சீராக்குவது கண்கூடாகத் தெரிந்தது. டாக்டர்கள் அவற்றை நம்பி எழுதிக்கொண்டும் இருந்தார்கள். அப்படிப்பட்ட மருந்தைச் சிலருக்குக் கொடுக்காமல் விடுவது தகுமா என்ற தயக்கம்கூட இருந்தது. முடிவில் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். பாவம் என்று நினைக்கப்பட்டவர்கள்தான் அதிகம் பிழைத்தார்கள்.

இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, புதிய சிகிச்சைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே பழையதைவிட மேலாக அமைகின்றன, வெகுவாக மேலானவை மிகச் சிலவே என்று சொன்னது. எனவே குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் வாய்ப்பு கிட்டத்தட்டச் சமம்தான். அப்படி இல்லை, புதியதுதான் மேல் என்று ஏற்கெனவே உறுதியாகத் தெரியுமானால், அந்த ஆய்வை நடத்துவதே அறமாகாது.

போலி மாத்திரையைப் பற்றியும் ஒரு தவறான பயம் நிலவுகிறது. நல்ல சிகிச்சை இருக்கும் நோய்க்கு, அதை நிறுத்திவிட்டு வெறும் மாத்திரையில் விடுவதற்கு 1964-இல் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்ட, மனிதரை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கான அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம் கடுமையான வரம்பு வைத்திருக்கிறது. பெரும்பாலும், வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் தொடரும். அதன்மேல் ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மற்றதற்குப் போலியும் சேரும். உங்கள் ஆய்வில் எது என்பதை ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்: “ஒப்பீட்டுப் பிரிவில் இருப்பவருக்கு அன்றாடம் என்ன கிடைக்கும்?”

இனி மறைவான விலை. இந்த வழியில்தான் அது அதிகம், எனவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கூடுதல் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், சில சமயம் சிகிச்சைக்குத் தேவையே இல்லாத பயாப்சி (உடலிலிருந்து சிறு திசுவை எடுத்துச் சோதிப்பது). மருந்து இலவசமாக இருக்கும். போக்குவரத்தும் துணைக்கு வருபவரின் விடுப்பும் யார் கணக்கில் என்பது படிவத்தில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். வேறு வலிநிவாரணி, மூலிகை மருந்து எதையும் கேட்காமல் எடுக்க முடியாது. கருத்தடைக் கட்டுப்பாடு உங்கள் துணைவருக்கும் பொருந்தலாம்.

அதைவிடப் பெரியது, அடுத்த வாய்ப்பு அடைபடுவது. “இதற்குமுன் இந்த வகை மருந்து எடுத்தவர்கள் சேர முடியாது” என்ற நிபந்தனை பல ஆய்வுகளில் உண்டு. இன்று ஒன்றில் சேர்ந்தால், ஆறு மாதம் கழித்து வரும் இன்னும் நல்லதொன்றில் இடமில்லாமல் போகலாம். மரபணு சிகிச்சையில் இது இன்னும் கூர்மை: ஏஏவி என்ற வைரஸை வாகனமாகக் கொண்ட சிகிச்சையை ஒருமுறை பெற்றால், உடல் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொள்ளும், மறுபடி அதே வாகனத்தில் வரும் சிகிச்சை பலிக்காமல் போகக்கூடும். சில மரபணு சிகிச்சைகளில் 15 ஆண்டுவரை பின்தொடர்தலும் உண்டு.

ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பதும் வலி தரக்கூடியது. மருந்து உங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, ஆய்வு முடிந்துவிட்டது, கடையில் இன்னும் வரவில்லை என்றால்? ஹெல்சிங்கி பிரகடனம் இதற்கு முன்பே ஏற்பாடு செய்யச் சொல்கிறது. நடைமுறை எல்லா ஆய்விலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிறுவனம் பண நெருக்கடியால் ஆய்வைப் பாதியில் மூடுவதும் நடக்கிறது. “அதன்பின் எத்தனை மாதம், யார் செலவில்?” என்பதற்கு எழுத்தில் விடை இல்லையென்றால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

வெளியேறும் உரிமை எப்போதும் உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை கெடக்கூடாது. ஆனால் மருந்தை நிறுத்துவதும் ஆய்வை விட்டு முழுக்க விலகுவதும் தனித்தனி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அதை மட்டும் விட்டுவிட்டு, உங்கள் உடல்நிலையைத் தொடர்ந்து குறித்துக்கொள்ளச் சம்மதிக்கலாம். ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் கணக்கிலிருந்து மறைந்துவிட்டால் மருந்து உண்மையைவிட நல்லதாகத் தோன்றும் என்பதால், உங்கள் அந்தச் சம்மதம் பெரிய உதவி.

இந்த வகைக்குள் அதிகம் கவனிக்கப்படாத ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது: ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்துகளை ஒப்பிடும் ஆய்வு. ஆபத்து தெரிந்தது, எந்தப் பிரிவிலும் உண்மையான சிகிச்சை உண்டு. ரத்த அழுத்தத்துக்கான ஆல்ஹாட் ஆய்வில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். பழைய, மலிவான சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை புதியவற்றுக்குச் சளைத்ததில்லை என்று 2002-இல் அது காட்டியது. அதற்குமுன் 2000-இலேயே, டாக்ஸசோசின் என்ற மருந்து பெற்றவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகம் வருவது தெரிந்ததும் அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ஆய்வு நடக்கும்போதே முடிவுகளைப் பார்த்துவரும் சுயேச்சையான கண்காணிப்புக் குழு எதற்கு என்பதற்கு இது நல்ல சான்று.

யாருக்கு ஏற்றது: வழக்கமான சிகிச்சை சரியாக உதவாதவருக்கு, அல்லது இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று மருத்துவ உலகத்துக்கே தெரியாத நோய் உள்ளவருக்கு. இப்போதைய மருந்தில் நன்றாக இருப்பவர் அதை நிறுத்திவிட்டுச் சேர வேண்டும் என்றால், நான் நிறையத் தயங்குவேன்.

## கண்காணிப்பு ஆய்வும் உயிரிவங்கியும்

இங்கே மருந்து இல்லை. கேள்வித்தாள், ரத்தம், சில அளவுகள், பிறகு ஆண்டுக்கணக்கில் உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க அனுமதி. 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரோடு தொடங்கிய ஆய்வுதான் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவற்றை இதயநோயோடு இணைத்தது. பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற உயிரிவங்கி (ரத்த மாதிரிகளையும் உடல்நலத் தகவலையும் ஆய்வுக்காகச் சேமித்துவைக்கும் இடம்) 2006-க்கும் 2010-க்கும் இடையில் 40 முதல் 69 வயதுவரை உள்ள ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது.

உடலுக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் ‘சும்மா பார்ப்பதுதானே’ என்று விட்டுவிடக்கூடாது. அமெரிக்காவில் 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கீகி ஆய்வும் ‘பார்த்துக்கொண்டிருந்த’ ஆய்வுதான். சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு அவர்களுடைய நோய் என்னவென்று சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் முற்றுவதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே கேட்க வேண்டியது: “கவலைக்குரிய எதையாவது கண்டுபிடித்தால் எனக்குச் சொல்வீர்களா?” பல உயிரிவங்கிகள் தனிநபருக்கு முடிவுகளைத் தருவதில்லை, இதை இலவச உடல் பரிசோதனை என்று எண்ணிச் சேர்பவர்கள் ஏமாறுவார்கள். உங்கள் மரபணுவில் உங்கள் உடன்பிறந்தார், பிள்ளைகள் பற்றிய தகவலும் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாருக்கு ஏற்றது: உதவ ஆசை, ஆனால் உடலைப் பணயம் வைக்க விருப்பமில்லை என்பவருக்கு. முதல்முறை சேர்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

## சேராமல் இருப்பது

இதுவும் ஒரு முழுமையான முடிவுதான், கோழைத்தனம் இல்லை. காக்ரேனின் 2008-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, ஒரே மாதிரியான சிகிச்சையை ஆய்வுக்கு உள்ளே பெற்றவர்களும் வெளியே பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குணமடைந்தார்கள் என்று கண்டது. எனவே ஆய்வில் இருந்தாலே கூடுதல் நன்மை என்ற வாதத்தை நம்பி அவசரப்பட வேண்டாம். உள்ளே போனால் கெடுதல் என்ற பயத்துக்கும் அதே மதிப்பாய்வில் ஆதரவில்லை.

சேராமலேயே புதிய மருந்தைப் பெற முடியுமா என்று சிலர் கேட்பார்கள். வேறு வழியில்லாத, உயிருக்கு ஆபத்தான நிலையில் கருணை அடிப்படையில் மருந்து தரும் ஏற்பாடு பல நாடுகளில் இருக்கிறது. மருந்து நிறுவனமும் கட்டுப்பாட்டு அமைப்பும் சம்மதிக்க வேண்டும். ஆனால் ஆய்வுக்கு வெளியே ஆயிரம் பேர் உட்கொண்டாலும் மருந்து வேலை செய்ததா என்பது தெளிவாகாது. கொரோனாக் காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை உலகமெங்கும் விழுங்கினார்கள். பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வின் குலுக்கல்தான், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும், மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பதையும் 2020 ஜூனில் இரண்டு வார இடைவெளிக்குள் சொன்னது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ‘ஆய்வு’ என்ற பெயரில் நோயாளியிடமே பெருந்தொகை கேட்கும் ஸ்டெம் செல் மையங்கள் உண்டு. அவற்றில் சில, அரசுப் பதிவேட்டிலும் பெயரை ஏற்றிக்கொள்கின்றன. பதிவு எண் இருப்பது தரத்துக்குச் சான்றாகாது. சோதனை நிலையில் உள்ள மருந்துக்கு உங்களிடமே விலை கேட்டால், அது ஆராய்ச்சியா வியாபாரமா என்று சந்தேகிக்க அந்த ஒன்றே போதும்.

யாருக்கு ஏற்றது: நிரூபிக்கப்பட்ட நல்ல சிகிச்சை கைவசம் இருப்பவருக்கு, அடிக்கடி வந்துபோக உடலோ குடும்பமோ இடம் தராதவருக்கு, படிவத்தைப் படித்தும் மனம் ஒப்பாதவருக்கு.

## கையெழுத்துக்கு முன்

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இன்றே முடிவு சொல்லுங்கள் என்றால், அவசர சிகிச்சை ஆய்வாக இருந்தாலொழிய, அது நல்ல அறிகுறி இல்லை. உங்களுக்குச் சிகிச்சை தரும் டாக்டரே ஆய்வையும் நடத்துகிறார் என்றால், அதில் தொடர்பில்லாத இன்னொரு டாக்டரிடம் ஒருமுறை பேசுங்கள். மறுத்தால் அவர் வருத்தப்படுவாரே என்ற கூச்சத்தில் சம்மதித்தவர்கள் நிறைய.

பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவை நேரடியாக எப்படித் தொடர்புகொள்வது, நள்ளிரவில் அவசரம் என்றால் எந்த மருந்து கிடைத்தது என்பதை உடைத்துச் சொல்ல யார் இருப்பார் என்ற மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். அந்த எண்ணும் ஆய்வின் பெயரும் உள்ள அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். ஆய்வின் முடிவுகள் வெளியானதும் உங்களுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போடும் அன்றே முகவரியைக் கொடுத்துவிடுங்கள். மருந்து தோற்றுப்போனாலும் அந்தக் கடிதம் உங்களுக்கு வந்தாக வேண்டும்.